யாரும் இரவல் கேட்காத ஜமக்காளம்

சேலத்தை விட்டு ஓமலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் கட்டு இல்லை. மூன்று வருஷமாக இடது தோளில் ஜமக்காளக் கட்டைச் சுமந்து பழகியவனுக்கு வெறுந்தோளோடு நடப்பது சிரமமாக இருந்தது. உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போயிற்று. எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து மாட்டை ஓரம் கட்டினார்.

வேலை போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நல்ல சரக்கைக் கொடுத்ததற்காக வேலை போனது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் போனதெல்லாம் நியாயமான காரணங்களுக்காக.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது, வேலைக்குப் போவதில்லை. கல்யாண வீடுகளில் மடக்கு நாற்காலி வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது என்று இருபது வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஜமக்காளம் வாங்கப் போகும்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். கூட்டம் உள்ள வீடு, குழந்தைகள் உண்டு, விலையும் கட்டுப்படியாக வேண்டும், பல வருஷம் உழைக்கவும் வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது? நூலைப் பார், சாயத்தைப் பார், கரையைப் பார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, “பார்க்க ரொம்ப அழகாக இருந்தால் வாங்காதே” என்று முடிப்பேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தம்மம்பட்டிப் பக்கம். நான்காம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன்; பள்ளிக்கூடம் அதைப் பொருட்படுத்தவில்லை. கிணறு வெட்டினேன். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைக்கு மேலே காப்பித் தோட்டத்துக்கு மூட்டை சுமந்தேன். அங்கே குளிர் ஜுரம் கண்டு கீழே இறங்கினேன். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அர்த்தநாரி முதலாளியின் கடை வாசலில் ஒரு நூல் பொதியை இறக்கினேன். பொதி ஈரத்தில் படாமல் நானாகவே அடியில் இரண்டு செங்கல்லை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். “நாளைக்கு வா” என்றார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் பழகியது.

அர்த்தநாரி முதலாளிக்குக் கடைக்குப் பின்னாலேயே பத்துத் தறி இருந்தது. ஒவ்வொரு தறியிலும் இரண்டு ஆள் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவார்கள். முதலாளி மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி போட்டவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஒரே உதறலில் ஜமக்காளத்தை விரித்துப் போட்டுவிட்டு, வாங்க வந்தவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். தன் சரக்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வராது. “உழைக்குமுங்களா?” என்று கேட்டால், “அதச் சமக்காளத்தையே கேளுங்க” என்பார். கேட்பது எப்படி என்பதையும் அவரேதான் காட்டிக்கொடுப்பார்.

முதலில் உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும். வெள்ளையாகப் பொடி பறந்தால் அது கஞ்சி. கஞ்சியின் மிடுக்கு முதல் சலவையோடு போய்விடும், பிறகு ஜமக்காளம் பழந்துணி மாதிரி தொய்ந்து கிடக்கும். அடுத்து, வேட்டி முனையை நனைத்துச் சிவப்புப் பட்டையில் அழுத்தித் தேய்க்க வேண்டும். வேட்டி சிவந்தால் அந்தக் கடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிடலாம். பிறகு நகத்தால் குறுக்கு நூலை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே நெடுக்காக ஓடும் பாவு நூல் எட்டிப் பார்த்தால், ஆறு மாதத்தில் அந்த இடத்தில் குழந்தையின் கால்விரல் எட்டிப் பார்க்கும். கடைசியாக இரண்டு பேர் சேர்ந்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பொட்டு வெளிச்சம் இந்தப் பக்கம் வரக்கூடாது.

இத்தனை சோதனைக்கும் அவருடைய ஜமக்காளம் தாங்கும். அதோடு அழகாகவும் இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை என்று பட்டைகள் நூல் பிடித்த மாதிரி போகும். நிறம் தேர்ந்தெடுப்பதில்தான் அவர் தூக்கத்தைத் தொலைத்தார். “உக்கார்ற எடம் அழகா இருந்தா, உக்கார்றவனும் கொஞ்சம் மரியாதையாப் பேசுவான்” என்று ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு அதுதான் என்று அப்போது நினைத்தேன். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

என் வேலை, கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் விற்பது. கட்டைச் சுற்றி ஒரு கட்டுத் துணி இருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தறியில் மிச்சம் விழுகிற சாயநூலை எறிய மனமில்லாமல், தொழில் பழகுகிறவர்களிடம் கொடுத்து முதலாளி நெய்யச் சொல்லுவார். கைக்கு எந்த நிறம் வந்ததோ அது. நான்கு விரல் சிவப்பு, ஒரு விரல் பச்சை, பிறகு சாயம் தப்பிப்போய்ச் சாணி நிறத்தில் வந்த ஒரு முழம், திடீரென்று ஒரு மஞ்சள். பழகுகிறவர்களுக்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்று தெரியாது. பயத்தில் குறுக்கு நூலை ஓங்கி ஓங்கி அடித்து இறுக்கிவிடுவார்கள். அதனால் அது பலகை மாதிரி இருக்கும். மழையில் நனைந்தது, சந்தையில் மிதிபட்டது, நான் அதன் மேலேயே மூன்று வருஷம் படுத்தேன். ஒரு நூல் பிரியவில்லை. பார்க்கத்தான் சகிக்காது.

பாவாயம்மாவின் வீடு நாமக்கல்லுக்கு வடக்கே, கரட்டுக் குன்றை ஒட்டிய ஒரு ஊரில் இருந்தது. அவர் கணவர் பெரியண்ணக் கவுண்டர். அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒன்றாக இருந்த குடும்பம். நான் முதல்முதலாகப் போனபோது வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பெரியவர் சிறியவர் மொத்தம் இருபத்திரண்டு பேர். மூத்த மருமகள் என்ற முறையில் வீட்டை நடத்தியவர் பாவாயம்மா.

“ஏனுங்க சமக்காளக்காரரே, கட்ட இங்க எறக்குங்க” என்றார்.

விரித்தேன். அர்த்தநாரி பாணியில் முதுகைக் காட்டி நின்றேன்.

“ஏன், எங்க மூஞ்சி புடிக்கிலீங்களா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பி நின்று, சோதித்துப் பார்க்கிற முறையைச் சொன்னேன்.

பாவாயம்மா அடித்தார், தேய்த்தார், நகத்தால் கீறினார். நான் சொல்லித்தந்த எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, நான் சொல்லாத ஒன்றைக் கேட்டார்.

“நனஞ்சா எத்தன கனம் கனக்குமுங்க?”

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வாங்குகிறவர்கள் ஆண்கள், துவைக்கிறவர்கள் பெண்கள் என்பதால் இருக்கலாம். தெரியாது என்றேன்.

“தெரியாம எப்புடி விக்கறீங்க? ஒறம்பரை சனம் வந்து காப்பியக் கொட்டுவாங்க, கொழந்த ஒண்ணுக்குப் போவும். கெணத்து மேட்டுல தொவச்சு நாந்தானே தூக்கோணும்? ஒருத்தி தூக்கிப் புழியற மாதிரி இருக்கோணும். அதுக்கு மேல ஒரு முழம் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.”

விற்கிற சரக்கை நனைக்க முடியாது. அதனால் கட்டுத் துணியைக் கொடுத்தேன். தொட்டித் தண்ணீரில் முக்கினார், தூக்கினார், தானே பிழிந்தார். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடிற்று. வேலி மேல் போட்டார். பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது. அதைச் சுருட்டி என்னிடம் கொடுக்கும்போது ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இந்த அளவுல ரெண்டு. ஒண்ணு தொவைக்கப் போட்டா இன்னொண்ணு ஆசாரத்துல கெடக்கோணும்” என்றார். ஆசாரம் என்றால் அந்த வீட்டின் முன்கூடம். விருந்தாளியை உட்கார வைக்கிற இடம். நாளைக்கு யாரும் என்னைக் கேட்டாலும், கூட்டமுள்ள வீட்டுக்கு இதைவிடச் சரியான யோசனையை என்னால் சொல்ல முடியாது.

அதைக் கெடுத்தவன் நான்தான். பெரியண்ணக் கவுண்டர் வயலிலிருந்து வந்தார். “ரெண்டு துண்டு எதுக்கு? பந்தலுக்கு ஆவற மாதிரி ஒரே பெருசா எடுத்துரலாம்” என்றார். பாவாயம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிதாக விற்றால் முதலாளி என்னைப் பற்றி நல்லபடியாக நினைப்பார் என்ற ஆசையில் நான் முந்திக்கொண்டேன்.

“பெருசா எடுத்தா, கரையிலே உங்க பேரையே நெய்து கொடுப்போமுங்க” என்றேன்.

கவுண்டர் என்னைப் பார்த்தார். வயலில் வேலை செய்த களைப்பு முகத்திலிருந்து போன மாதிரி இருந்தது. “பேரு நல்லாத் தெரியறாப்புல வருமா?”

“அந்தக் கோடியில நின்னாலும் படிக்கலாமுங்க.”

பாவாயம்மா எழுந்து கடலைக்காய் உரிக்கப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் ஜமக்காளத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். நீலக் கரையில் மஞ்சள் எழுத்தில் ‘பெரியண்ணக் கவுண்டர்’ என்று ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. நான் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, காதுகுத்துக்கு அது வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

எட்டு மாதம் கழித்து மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். என் கட்டுக்குள் இரண்டு ஜமக்காளம்தான் மீதி இருந்தது. பாவாயம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாங்க சாமி, வாங்க. உங்களத்தான் தேடிட்டிருக்கறேன். உங்க சமக்காளம் எங்கைங்க?”

“என்னைக் கேட்டால்? உங்க வீட்டுலதானே இருக்கோணும்?”

“எங்க ஊட்ல அது இருந்தது பதினோரு நாளு. எண்ணி வெச்சிருக்கறேன். காதுகுத்துக்குப் போச்சு, கலியாணத்துக்குப் போச்சு, ஊர்க்கூட்டத்துக்குப் போச்சு. இப்ப மேக்கால ஊருல ஒரு எழவு ஊட்ல கெடக்குது. பதினாறு முடிஞ்சு, சலவைக்குப் போயி, அப்பறந்தான் ஊட்டு வாசப்படி மிதிக்கும். நாங்க இருவத்திரண்டு பேரும் சாக்கு மேல குந்தறோம்.”

கவுண்டர் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: “கேக்கறாங்கல்ல புள்ள. இல்லீன்னா நம்ம பேரு என்னாவறது?”

“உங்க பேரு மேலதான் ஊரே குந்தீட்டிருக்குது. இன்னும் என்னாவோணும்?”

சிரிப்பாகத்தான் பேசினார்கள். ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. அவர்களுடைய மூத்த பெண் நல்லம்மாளைப் பார்க்க ஐப்பசியில் ஒரு வீட்டார் வந்திருக்கிறார்கள். ஜமக்காளம் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தது. சாக்கை உதறிப் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், பதில் வரவில்லை. பிறகு, ‘குதிரு நெறைய நெல்லு வெச்சிருக்கறாங்க, குந்த ஒரு விரிப்பு இல்ல’ என்று அந்த வீட்டுப் பெரியம்மா எங்கோ சொன்னதாகப் பேச்சு வந்து சேர்ந்தது. உண்மைக் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் பாவாயம்மாவுக்கு அதுதான் காரணம். வெள்ளிக்கிழமை அடுத்த வரன் வரப்போகிறது. பரமத்திப் பக்கம், நல்ல குடும்பம். இதுவும் தட்டிப்போனால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் பேசும். அன்று புதன்கிழமை.

“இந்த ரெண்டுல ஒண்ண வெள்ளிக்கெழமைக்கு மட்டும் விரிச்சுட்டுத் தந்துரட்டுங்களா?” என்று கேட்டார்.

ஒரு தடவை ஆள் உட்கார்ந்த ஜமக்காளத்தைப் புதிது என்று விற்கக்கூடாது என்பது அர்த்தநாரி முதலாளியின் சட்டம். வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், ‘அதான் ஒண்ணு இருக்குதே’ என்று கவுண்டர் சொல்லுவார். அப்படியே வாங்கினாலும்—

“வாங்குனா அதுவும் சனிக்கெழமை எங்கியாச்சும் கெளம்பீரும்” என்று பாவாயம்மாவே முடித்தார். பிறகு அவர் பார்வை கட்டுத் துணி மேல் விழுந்தது. குனிந்து ஒரு முனையைக் கையில் எடுத்தார். முதல் தடவை வந்தபோது தடவிப் பார்த்த அதே கை.

“இத யாராச்சும் எரவலு கேப்பாங்களா?”

“திருடன்கூடத் தொடமாட்டானுங்க.”

“அப்ப இதுதான் எனக்கு வேணும்.”

அது விற்கிற சரக்கு இல்லை, பொதி கட்டுகிற துணி என்றேன். கடையின் மானம் போகும் என்றேன். வரன் வருகிற நேரத்தில் சாணி நிறத்தை விரித்து வைத்தால் என்ன நினைப்பார்கள் என்றும் சொன்னேன்.

“சாக்குக்கு இது மேலு. உழைக்குமா உழைக்காதா, அதச் சொல்லுங்க.”

அர்த்தநாரி முதலாளியாக இருந்தால் ஜமக்காளத்தையே கேட்கச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மாள் எப்போதோ கேட்டு முடித்துவிட்டார். “உங்க காலத்துக்கும் உழைக்கும், நல்லம்மா காலத்துக்கும் உழைக்கும்” என்றேன். கடுகுப் பானைக்குள்ளிருந்து சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். பழந்துணிக்கு என்ன உண்டோ அதை மட்டும் வாங்கிக்கொண்டேன். இரண்டு நல்ல ஜமக்காளத்தையும் கயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

“எங்க போறீங்க? வெள்ளிக்கெழமை ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னா நான் யாரத் திட்டறது? இருந்து சாப்புட்டுட்டுப் போங்க” என்றார். இருந்தேன். எனக்கும் எங்கேயும் அவசரம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறு பேர் இரண்டு வண்டியில் வந்தார்கள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து ஆசாரம் தெரியும். மூத்தவர் பையனுடைய பெரியப்பா, வெள்ளை மீசைக்காரர். ஜமக்காளத்துக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டார். அவர் மனைவி குனிந்து ஒரு முனையைப் புரட்டிப் பார்த்தார்.

“இது என்ன கலருங்க?”

“எல்லாக் கலரும் இருக்குதுங்க” என்றார் பாவாயம்மா.

உட்கார்ந்தார்கள். கவுண்டர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்காரர் கையால் ஜமக்காளத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பொடி பறக்கவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

“ஏனுங்க மாப்ள,” என்று முறை வைத்துக் கவுண்டரிடம் கேட்டார், “அந்தப் பேரு போட்ட சமக்காளம் எங்கீங்க?”

கவுண்டர் தூக்கிவாரிப் போட்ட மாதிரி நிமிர்ந்தார். “அது உங்களுக்கு எப்புடித் தெரியுமுங்க?”

“தை மாசம் ஒரு கலியாணத்துல அதுலதான் குந்தியிருந்தோம். சாப்பாட்டுப் பந்திக்கு நேரமாயிப் போச்சு. செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, அந்தப் பேரையே படிச்சுப் படிச்சுப் பாத்துட்டிருந்தோம். யாருங்க இந்தப் பெரியண்ணக் கவுண்டருன்னு விசாரிச்சோம். பொண்ணு இருக்குதுன்னாங்க. அப்பறம் நாமக்கல்லுல ஒரு காதுகுத்து, அங்கியும் அதே சமக்காளம். சரி, கேட்டவங்களுக்கு இல்லீன்னு சொல்லாத ஊடுன்னு தெரிஞ்சுது. அதான் வந்தோம்.”

கவுண்டர் மெதுவாகத் திரும்பிப் பாவாயம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. எட்டு மாதம் வாங்கிய திட்டு அத்தனைக்கும் சேர்த்து ஒரு பார்வை.

பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள். வெற்றிலை மாற்றும்போது மீசைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: “ஒண்ணு மட்டும் கேக்கோணும். எங்க ஊட்டு விசேசத்துக்கு அந்தச் சமக்காளம் ஒரு நாலு நாளைக்கு வேணுமுங்க.”

கவுண்டர் வாயைத் திறப்பதற்குள் பாவாயம்மா பேசினார். “நாலு நாளு எதுக்குங்க? அம்மிணியோட சீருல அதையும் வெச்சு அனுப்பீர்றோம். உங்க ஊட்டுலயே கெடக்கட்டும்.”

வந்தவர்கள் முகம் மலர்ந்துபோனது. சபையில் வைத்துச் சொன்ன சொல். அதை மறுக்கக் கவுண்டரால் முடியவில்லை. தன் பெயர் பரமத்திப் பக்கம் குடிபோவதைப் பார்த்துக்கொண்டு, “ஆமாங்க, அதுக்கென்னுங்க” என்றார். அப்போது பாவாயம்மா திரும்பிக் கவுண்டரைப் பார்த்த பார்வையையும் என்னால் எழுத முடியாது.

வண்டிகள் போன பிறகு நல்லம்மாள் வெளியே வந்தாள். ஊரெல்லாம் குறை சொல்லுமோ என்று அம்மா பயந்த பெண்ணுக்கு அம்மாவைவிடக் கூர்மையான புத்தி.

“ஏம்மா, உனக்கு நல்ல ரோசனைதான். அது அங்க வந்தா அங்கிருந்தும் ஊரு சுத்தும். அப்பறம் நான் எதுல குந்தறது?”

பாவாயம்மா என்னைப் பார்த்தார்.

“சாமி, அந்தக் கட்டுத் துணியில இன்னொண்ணு கெடைக்குமுங்களா?”

கடைக்குத் திரும்பிப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டார். கட்டுத் துணியை விற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நல்லம்மாளுக்கு ஒன்று வேண்டும் என்றபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவருக்குக் கோபம். அதோடு போயிருக்கும். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் பேசாமல் இருப்பார்களா? பேர் போட்ட ஜமக்காளம் வாங்கிவிட்டுச் சாக்கில் உட்கார்ந்த வீடு பாவாயம்மா வீடு ஒன்று மட்டும் அல்ல. எல்லாம் நான் விற்றவை. பத்து நாள் கழித்து நாமக்கல் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் முதலாளி ஒரு புது ஜமக்காளத்தை உதறி விரித்து முதுகைக் காட்டி நின்றார்.

வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது ரொம்ப நல்லா இருக்குதுங்க. இது வேண்டாம். பாக்கச் சகிக்காத மாதிரி ஒண்ணு இருக்குதாமே, யாரும் எரவலு கேக்காதாமே, அதுல ஏழு வாங்கீட்டு வரச் சொன்னாங்க. பொம்பளைங்க தனித்தனியாச் சொல்லி உட்டாங்க. அளவு, ஒருத்தி தூக்கிப் புழியற மாதிரி.”

முதலாளி திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லி, வாசல்வரை போய் வண்டிக்காரரை மரியாதையாக அனுப்பிவிட்டு வந்து என்னை அழைத்தார்.

“மாரிமுத்து, நீ செஞ்சதுல தப்பு இல்ல. அந்த அம்மாளுக்கு எது வேணுமோ அதக் குடுத்தே. நானா இருந்தாலும் அதத்தான் குடுத்திருக்கோணும். ஆனா பாரு, இருபத்தஞ்சு வருசமா நான் ஒவ்வொரு நெறமாப் பாத்துப் பாத்து வெச்சிருக்கறேன். நீ இருந்தா இந்தக் கடையில தறி பத்தும் சாணிக் கலருதான் நெய்யும். நல்லாத்தான் விக்கும். அதான் எனக்குப் பயமா இருக்குது. நாளையிலிருந்து வராதே.”

உண்மையில் அவருடைய மிக நீளமான பேச்சு இதுதான். சம்பளத்தைக் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். நல்லம்மாளுக்குக் கடைசிக் கட்டுத் துணி ஒன்றைத் தானே மடித்துக் காகிதத்தில் சுற்றி, அந்த வண்டியிலேயே ஏற்றி விட்டிருந்தார். அதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஓமலூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சந்தைத் திடலில் படுத்தேன். அடியில் விரிக்க ஒன்றுமில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வெறும் மண். தூக்கம் நன்றாகவே வந்தது.

காலையில் கடைவீதியில் ஒருவர் பித்தளை அண்டாக்களை உருட்டி உருட்டி வெளியே வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணங்களுக்குப் பாத்திரம், விளக்கு, ஜமக்காளம் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை, புதிதாகத் திறந்திருந்தார்கள். ஒரு அண்டாவை நானாகவே பிடித்துத் தூக்கி வைத்தேன். உள்ளே ஒரு மூலையில் ஜமக்காளம் அடுக்கியிருந்தது. கை சும்மா இருக்காமல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். கடை முழுக்க வெள்ளைப் பொடி பறந்தது.

“என்னுங்க அது?” என்றார் கடைக்காரர், தும்மிக்கொண்டே.

“கஞ்சிங்க. இது ரெண்டு கலியாணம் தாங்காது.”

“உனக்குச் சமக்காளம் தெரியுமா?”

தெரியும் என்றேன். வீட்டுக்கு வாங்குவது வேறு, வாடகைக்கு வாங்குவது வேறு என்றேன். இது ஊர் சுற்ற வேண்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி அழகாக இருக்க வேண்டும், கரையில் கடைப்பேர் பெரிதாக இருக்க வேண்டும், பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்றேன்.

“அப்புடி நெய்யறவங்க யாரு இருக்கறாங்க?”

“ஒருத்தர் இருக்கறாருங்க. செவ்வாய்ப்பேட்டையில.”

“அப்ப நீயே போயி ஒரு டஜன் சொல்லீட்டு வா. இன்னிக்கே போ. வந்து வேலையில சேந்துக்க.”

அப்படித்தான் முந்தின நாள் நடந்து வந்த சாலையிலேயே அன்று காலை திரும்பி நடந்தேன். அர்த்தநாரி முதலாளி இன்று வாங்க வந்த எனக்கு முன்னால் விரித்துப் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நனைத்துத் தேய்ப்பதற்கு என் வேட்டி முனை வெள்ளையாக இல்லாததால், வழியில் ஒரு வாய்க்காலில் இறங்கி அதை மட்டும் துவைத்துக்கொண்டேன்.